சீதனக் காணி, கலிபோர்னியா

1987 நவம்பர் 2, திங்கள்
மழை. வெள்ளிக்கிழமை வகுப்பில் பேச்சு, பத்து நிமிடம், டொச்சில், அதாவது ஜெர்மன் மொழியில். தலைப்பு ஆசிரியர் தந்தது: நாங்கள் இருக்கும் இந்த சுவிஸ் ஊர் பீலிலிருந்து கலிபோர்னியா போய்ப் பெரிய மாட்டுப்பண்ணை வைத்திருந்த ஒருவர். எங்கள் வீட்டுக்காரி ஃபிராவ் மோசரின் பூட்டனுடைய தம்பி. (இனி மோ. என்று எழுதுவேன்.) மோ.வும் கேட்க வருவாவாம்.

மோ. தகரப்பெட்டியைத் தந்தா. கடிதங்கள், ஒரு வரைபடம், ஒரு கட்டு இங்கிலிஷ் கடதாசி. "இதை எங்கள் வீட்டில் யாருக்கும் வாசிக்கத் தெரியாது. நீ வாசிப்பாய்தானே?" வாசிப்பேன் என்றேன். யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூட இங்கிலிஷ். கூடவே ஒரு பை அப்பிள். நல்ல மனுசி.

நவ. 3, செவ்வாய்
குளியலறைக் கதவைப் பூட்டிவிட்டு எழுதுகிறேன். வாசித்தது:
— அப்போது கலிபோர்னியா மெக்சிக்கோவின் கையில். காணிக்கு ஆளுநரிடம் மனு. கூடவே கையால் கீறின படம்.
— படத்தில் அளவு கிடையாது. ஓடை, ஓக் மரம், மலை. அதுதான் எல்லை.
— பிறகு அமெரிக்கா பிடித்தது. காணி உறுதிப் பத்திரத்தைக் காட்டு என்றது. வருடக்கணக்காக வழக்கு.

அம்மா படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "வடக்கு ஓடை, கிழக்கு மரம். எங்கட உறுதி மாதிரியெல்லோ கிடக்கு. ஆற்ற காணி இது? மனிசன்ரயோ, மனிசியின்ர சீதனமோ?"
அப்பா: "மெக்சிக்கோவில ஆரப்பா சீதனம் எழுதினது?"
"காணியெண்டால் முதல் அதைத்தான் கேக்கவேணும். உங்களுக்கென்ன தெரியும்? என்ர காணியில வந்து குடியிருந்த ஆள்தானே."
அப்பா வாய்விட்டுச் சிரித்தார். இந்த வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு எவ்வளவு நாள். கடவுளே, நன்றி.

நவ. 4, புதன்
அம்மா கேட்டது சரி. கட்டின் கடைசித் தாள், நீதிமன்றத்தில் மனைவி சொன்னது. பெயர் மரியா இசபெல். காணி அவளுடைய தகப்பனுக்குக் கிடைத்தது. கலியாணத்துக்கு மகளுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறார். புருசன் அவளைக் கேட்காமலே விற்றுவிட்டான்.

மோ. எல்லோருக்கும் சொல்லும் கதை வேறு: எங்கள் ஆளின் காணியை அமெரிக்கர்கள் பிடுங்கிவிட்டார்கள்.

அப்பாவுக்குச் சொன்னேன். முகம் மாறிவிட்டது. "பிள்ளை, அந்தத் தாளை விட்டிட்டுக் கதை. ஏழு வீட்டில எங்களுக்கு இடமில்லை எண்டவை. எட்டாவது இந்த மனுசி. கோவம் வந்து எழும்பச் சொன்னால் எங்க போறது?"
அம்மா உருளைக்கிழங்கு உரித்தபடி.

நவ. 5, வியாழன்
மோ. எங்களுக்குச் செய்தவை: குளிர்ச் சட்டை மூன்று. அம்மாவின் காய்ச்சலுக்கு சூப். அப்பாவோடு பொலிஸ் கந்தோருக்குப் போய், விசாக் கடிதத்தை விளக்கியது. கடைக்காரியிடம் என்னை "எங்கள் வீட்டுப் பிள்ளை" என்றது.

இவ்வளவு செய்தவவுக்கு முன்னால் எப்படிச் சொல்வது?

பேச்சு இரண்டு எழுதிவிட்டேன். கடைசித் தாளோடு ஒன்று. இல்லாமல் ஒன்று.

நவ. 6, வெள்ளி
மோ. முதல் வரிசையில், தொப்பியுடன். தாள் இல்லாத பேச்சைத்தான் கையில் எடுத்தேன். "அவருடைய காணி" என்று சொல்ல வேண்டிய இடம் வந்தது. வாய் வரவில்லை. யாழ்ப்பாணத்தில் அம்மாவின் சீதனக் காணியில் இப்போது ஆமி முகாம். நாளைக்கு அதற்கும் யாராவது வேறு பெயர் சொன்னால்?

சொல்லிவிட்டேன். அவளுடைய காணி. அவளைக் கேட்காமல் விற்றார்.

பின்வரிசையிலிருந்து ரோல்ஃப்: "அப்போ எங்கள் ஊர் வீரர் கள்ளனா?" எல்லோரும் சிரித்தார்கள். மோ. கையுறையைப் போட்டுக்கொண்டு எழும்பிப் போய்விட்டா.

வீட்டில் அப்பா ஏசவில்லை. அலுமாரிக்கு மேலிருந்த சூட்கேஸை இறக்கித் துடைத்தார். ஏசியிருந்தால் நல்லது.

நவ. 7, சனி
பனிமூட்டம். காலையில் தட்டும் சத்தம். மோ. கையில், கலிபோர்னியாவிலிருந்து அந்தக் காலத்தில் வந்த ஒரு சின்னப் புகைப்படம். கறுப்பு உடுப்பில் ஒரு பெண். பின்பக்கம் பழைய மை எழுத்து: வீட்டு வேலைக்காரி.

"நானும் அப்படித்தான் சொல்லிவந்தேன், ஐம்பது வருடமாக," என்றா. "நேற்றுத்தான் விரலைப் பார்த்தேன். கலியாண மோதிரம்."

பேனையை நீட்டினா. "அதை வெட்டிவிட்டுப் பெயரை எழுது. அந்தத் தாளில் எப்படி எழுதியிருக்கிறதென்று உனக்குத்தான் தெரியும்."

வெட்டிவிட்டு எழுதினேன். மரியா இசபெல்.

அம்மா என்னிடம்: "தேத்தண்ணி குடிப்பாவோ எண்டு கேள் பிள்ளை."

கேட்டேன். இதுவரை வாசலைத் தாண்டி வராத மோ., குனிந்து சப்பாத்தைக் கழற்றினா.