செருப்பின் அடியில் இருந்த மணி

பெரியவனுக்கு அம்மா எழுதுவது,

அப்பா செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்துவிட்டார்.

நீ போனதிலிருந்து அவர் வீடும் பட்டறையுமாகக் கோட்டைக்குள்ளேயே கிடந்தார், வெளியே போகவே இல்லை. பொன்வேலை செய்யும் தட்டார் பிணமானாலும் கோட்டை வாசலில் சோதிக்காமல் விடமாட்டார்களே. காவல்காரர் பாடையில் வைத்திருந்த அவருடைய பட்டறைச் செருப்பின் அடியில் ஒட்டியிருந்த அரக்கைச் சுரண்டினார். ஒரு பொன்மணி விழுந்தது.

"பெரியவரு போகும்போதும் தங்கத்த விடலியே!" என்று சிரித்தார். நீ திருடினதாகச் சொல்லி அப்பா உன்னைத் துரத்தினாரே, அதே மணி. மூன்று வருஷமாக அவர் காலடியிலேயே இருந்திருக்கிறது.

அன்றைக்கு நீ என் பக்கம் திரும்பி, "நீயும் நம்புறியாம்மா?" என்று கேட்டாய். நான் அடுப்பையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

அப்பாவை நீ மன்னிக்காவிட்டாலும் போகிறது. என்னிடம் அந்தக் கேள்வியை இன்னொரு தரம் வந்து கேளுடா, கண்ணு.

உன்னைப் பெற்றவள்