சனிக்கிழமைக்குள் குரல் வேண்டும்

ஆகஸ்ட் 5, செவ்வாய்

வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. இருமல், லேசான காய்ச்சல். சனிக்கிழமை என் பேத்தி பிராகோவைப் பெண் கேட்டு வருகிறார்கள்; எங்களுக்கு அதுதான் கல்யாணம். பெண் வீட்டுக்காகச் சபையில் எழுந்து பேசுகிற பேச்சுக்காரி நான். கானா தேசத்து இந்தக் குமாசியில் எத்தனை பெண்களுக்குப் பேசியிருக்கிறேன்! சொந்தப் பேத்திக்கு ஊமையாக உட்காரவா?

மருந்துக்கடை அன்சாவிடம் போனேன். "மலேரியா மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் சேத்துப் போடுங்க பாட்டி, சிங்கம் மாதிரி கத்துவீங்க" என்றான். இங்கே யாருக்குக் காய்ச்சல் வந்தாலும் இரண்டும் சேர்த்துத்தானே. அட்டையில் 'அசித்ரோமைசின்' என்று எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டேன். அஞ்சாவதோடு நின்ற படிப்பு, இன்னும் துருப்பிடிக்கவில்லை.

தினம் போடும் பிரஷர் மாத்திரையையும் விடவில்லை. நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை.

ஆகஸ்ட் 6

நெஞ்சுக்குள் கூடையில் அடைத்த கோழி. கல்யாணக் களிப்பு, வேறென்ன.

ஆகஸ்ட் 7, வியாழன்

ஆஸ்பத்திரியில் இருந்து எழுதுகிறேன். துணிக்கடையில் விலை பேசிக்கொண்டிருந்தேன் — கண் இருண்டது. விழித்தால் பிராகோவின் மடி. கடைக்காரன் பயந்துபோய் விலையைக் குறைத்துவிட்டானாம்.

டாக்டர் எனிம் என் பேத்தி வயதுப் பெண். நெஞ்சில் கம்பிகளை ஒட்டி நீளமாகத் தாள் எடுத்தாள். என்னென்ன மாத்திரை போட்டேன் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஒவ்வொரு துடிப்புக்கு அப்புறமும் இதயம் அடுத்த துடிப்புக்குத் தயாராகணும் பாட்டி. உங்களுக்கு அந்த நேரம் இழுத்துக்கிட்டே போகுது. இந்த ஆன்டிபயாடிக் நிறைய பேரை ஒண்ணும் பண்ணாது. ஆனா மலேரியா மாத்திரையும் அதே மாதிரி இழுக்கும். பிரஷர் மாத்திரை வேற ரத்தத்துல உப்பைக் குறைச்சிருக்கு. மூணும் சேந்தா தாளம் தப்பும். தப்பினது திரும்பலேன்னா..."

முடிக்கவில்லை. முடிக்கத் தேவையில்லை.

ரத்தத்தில் மலேரியாவே இல்லையாம்! தொண்டை தானாகவே சரியாகியிருக்குமாம்.

"சரி, நிறுத்திட்டேன். வீட்டுக்குப் போறேன்."

"ஞாயிறு வரைக்கும் இங்கதான். மருந்து உடம்பை விட்டுப் போக நாளாகும்."

"சனிக்கிழமை நான் பேசணும்டியம்மா."

"பேசுறப்ப விழுந்தா?"

விழமாட்டேன் என்றேன். அதையும் சத்தமாகச் சொல்லக் குரல் இல்லை.

ஆகஸ்ட் 8

தள்ளி வைத்துவிடலாம் என்று பிராகோ அழுகிறாள். "வாயை மூடுடி. மாப்பிள்ளை வீட்டார் நேத்தே கிளம்பியாச்சு" என்றேன்.

கம்பிகளைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போகலாமா? யோசித்தேன், பொய் சொல்வானேன். போய்ச் சபை நடுவில் விழுந்துவிட்டால்? வருஷா வருஷம் அவளுக்குக் கல்யாண நாளும் என் சாவு நாளும் ஒன்றாக வருமே. அதையா அவளுக்குச் சீராகக் கொடுப்பது? நான் அப்படிப்பட்டவள் இல்லை.

கொனாடுவை வரச் சொன்னேன். சபைப் பேச்சில் எனக்குப் போட்டி என்று ஊரில் ஒருத்தி இருந்தால் அவள்தான். வந்து கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"உன் பேத்தியைப் பத்தி நான் என்னென்ன பொய் சொல்லணும்? சொல்லு."

"பொய் எதுக்குடி? உண்மையைச் சொன்னாலே அவங்க பெண் கேட்டுக் கொண்டுவர்ற சாராய பாட்டில் பத்தாது."

ஆகஸ்ட் 9, சனி

எல்லாம் போனில் கேட்டேன். கொனாடு நன்றாகவே பேசினாள். என்னளவு இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் தரும் பாட்டிலை வாங்கிக்கொள்ளலாமா என்று பெண்ணை மூன்று தடவை கேட்பது எங்கள் முறை; வாங்கினால் சம்மதம். இரண்டு தடவை "வாங்கிக்கோங்க" என்றாள் பிராகோ. மூன்றாம் தடவை சத்தமே இல்லை. மாப்பிள்ளை வீட்டில் யாரோ இருமினார்கள். எனக்கே திக்கென்றது.

"இதை என் பாட்டிதான் சொல்லணும்" என்று போனை மைக் பக்கம் நீட்டிவிட்டாள்.

"வாங்கிக்கடி" என்றேன். தவளைக் குரல். "ஒண்ணை இங்க அனுப்பு."

சபை வெடித்துச் சிரித்தது. சத்தம் கேட்டு டாக்டர் எனிம் ஓடிவந்தாள். திரையைப் பார்த்தாள். "துடிப்பு ஒழுங்காத்தான் இருக்கு. பாட்டில் மட்டும் உள்ளே வராது, சொல்லிட்டேன்."

அங்கே மேளம் தொடங்கிவிட்டது. கட்டிலில் உட்கார்ந்தபடியே தோளை மட்டும் ஆட்டினேன். கம்பிகளை நாளைக்குத்தான் கழற்றுவார்களாம்.