எட்டுக் கட்டைவிரல் தூரம்

சனிக்கிழமை, காலை பத்து மணி

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் எங்கள் வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருக்கிறோம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் குட்டியும் உங்கள் வயதுக்கு எப்படி இருக்க வேண்டுமோ அப்படி இருப்பீர்கள் என்று நம்பித் தொடங்குகிறேன். கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். வலது கட்டைவிரலின் கணு சில வருஷமாகவே வீங்கிக்கொண்டு வருகிறது, பேனா முன்போல் பிடிபடுவதில்லை. போனிலேயே சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ ஒரு வார்த்தை குறுக்கே பேசினால் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துவிடுகிறது, கோபமாக இருக்கும்போது இன்னும் மோசம். இப்போது கோபமாகத்தான் இருக்கிறேன். அதனால் முதலிலேயே வரிசைப்படுத்திக்கொள்கிறேன்:

1. அம்மாவின் தோள்வலி. நான்கு மாதமாகியும் குறையாததற்கு அவளுடைய பிடிவாதமே காரணம்.
2. என் வகுப்புத் தேர்வில் தையல்கார அம்மாவுக்கு நடந்த அநியாயமும், அதில் என் பங்கும்.
3. போன ஞாயிற்றுக்கிழமை நீ சொன்ன "ஒரு ஸ்கேல்தானேப்பா".
4. திங்கட்கிழமை நான் செய்யப்போவது.

முதல் விஷயம். அம்மாவின் வலது கை நெஞ்சு உயரம் வரை வருகிறது, அதற்குமேல் ஏறவில்லை. தலைவார என்னைக் கூப்பிடுகிறாள், வாரிவிட்டால் வகிடு ஆறு மாதிரி வளைந்து போகிறது என்று திட்டுகிறாள். டாக்டர் கொடுத்த மாத்திரையை நிறுத்தவில்லை, அவர் சொன்ன பயிற்சியையும் செய்கிறாள், நீ பயப்படாதே. அதோடு வாரத்துக்கு இரண்டு நாள் நான் அக்குபங்சர் ஊசி போடுகிறேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் மாப்பிள்ளையும் படிப்பார் என்பதால் விளக்கி எழுதுகிறேன். நான் கற்ற முறையில் வலி வலது தோளில் என்றால் ஊசி இடது காலில். முழங்கால் சில்லுக்குக் கீழே வெளிப்பக்கமாக ஒரு குழி இருக்கும், அங்கிருந்து எட்டுக் கட்டைவிரல் தூரம் கீழே இறங்கி ஊசியை நிறுத்த வேண்டும். ஊசி காலில் இருக்கும்போதே கையைத் தூக்கச் சொல்ல வேண்டும். கை ஏறியதா இல்லையா என்பது அந்த நிமிஷமே தெரிந்துவிடும், நாளைக்குப் பார்ப்போம் என்ற பேச்சே இல்லை. கட்டைவிரல் என்றால் கணுவில் அதன் அகலம். அதுவும் படுத்திருப்பவருடைய கட்டைவிரல், ஊசி போடுபவருடையது அல்ல. ஒரு காகிதப் பட்டையைக் கிழித்துப் படுத்திருப்பவர் விரலில் வைத்து, அந்த அகலத்துக்கு எட்டு மடிப்பு மடித்து, பிறகு அதை விரித்துக் காலில் வைத்து அளக்க வேண்டும். முடிந்ததும் பட்டையைக் கிழித்துப் போட்டுவிட வேண்டும், ஒருவர் பட்டை இன்னொருவர் காலுக்குப் போய்விடக் கூடாது. எனக்கு இதைக் கற்பித்த சீனப் பெண்மணி என்னைவிடப் பன்னிரண்டு வயது இளையவர். மாமனாரிடம் கற்றவர், அந்தக் குடும்பத்துக்கு வெளியே இந்த முறை தெரிந்தவர்கள் குறைவு. நம் பேச்சில் நாற்பது சொல் அவருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அந்த நாற்பதை வைத்துக்கொண்டே சனிக்கிழமைதோறும் ஆறு வருஷம் என்னைத் திட்டினார். "அவங்க விரல். உன் விரல் இல்ல" என்பது ஒன்று. "கை மேல போகல? ஆளைத் திட்டாத. அளவு பாரு" என்பது இன்னொன்று. அம்மாவுக்கு மட்டும் காகிதம் தேவைப்பட்டதில்லை. நான் கற்கத் தொடங்கிய வருஷம் பழகிப் பார்க்க அவள் கால்தான் கிடைத்தது. இருவர் கட்டைவிரலையும் ஒட்டவைத்துப் பார்த்தோம், கணுவில் நூல் பிசகாமல் ஒரே அகலம். "இத்தனை வருஷத்துல இதுல ஒண்ணாவது நமக்குப் பொருந்துச்சே" என்றாள். அன்றிலிருந்து அவளுக்கு என் விரலாலேயே அளக்கிறேன், ஆகவே அளவில் குற்றம் இருக்க வழியில்லை. குற்றம் அவளிடம்தான். ஊசி எடுத்த அரைமணியில் ஈரப் போர்வையைப் பிழிகிறாள், கட்டிலைத் தனியாக நகர்த்துகிறாள். கேட்டால், "குத்தறது கால்ல, பழி போடறது என் தலையிலயா?" என்கிறாள். நீயாவது சொல்லிப் பார்.

இரண்டாவது விஷயம். எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நான் ஊசிமுறை கற்பிப்பது நீ வந்தபோது பார்த்த அதே நிலையத்தில்தான், சைக்கிள் கடைக்கு மேலே இரண்டு அறை, ஆறு கட்டில், எந்நேரமும் ஸ்பிரிட் வாடை. புது நிர்வாகி வந்து எட்டு மாதமாகிறது. முன்பு தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்றவர், எதையும் மேசைமேல் வைத்துச் செய்து காட்டித்தான் பேசுவார், அதனால் வகுப்பில் அவருக்கு டெமோ என்று பெயர். டெமோ இப்போது ஒரு ஸ்கேல் அடித்திருக்கிறார். பச்சை பிளாஸ்டிக், நிலையத்தின் முத்திரை, சின்னது, நடுத்தரம், பெரியது என்று சட்டை மாதிரி மூன்று அளவு. படுத்திருப்பவரைக் கண்ணால் பார்த்து மூன்றில் ஒன்றை எடுத்துக் காலில் வைக்க வேண்டியதுதான், விரலும் வேண்டாம் காகிதமும் வேண்டாம். போன வியாழக்கிழமை இறுதித் தேர்வு. வெளியிலிருந்து ஒரு தேர்வாளர் வந்திருந்தார். என் மாணவர்கள் ஒன்பது பேர், அதில் தையல்கார அம்மாவைப் பற்றி உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன், பகலெல்லாம் தையல் இயந்திரத்தில் உட்கார்ந்துவிட்டு நான்கு வருஷம் ஒரு வகுப்பு விடாமல் வந்தவள். சான்றிதழ் கைக்கு வந்ததும் தொழில் தொடங்குவதற்காகத் தன் கடையின் பின்பகுதியைத் திரைபோட்டுத் தடுத்துக் கட்டில்கூட வாங்கிப் போட்டுவிட்டாள். தேர்வுக்கு அவளுக்குக் கிடைத்தவர் ஒரு லாரி ஓட்டுநர், இடது தோள் பிடிப்பு. ஆறடிக்கு மேல் உயரம், கட்டைவிரல் ஒவ்வொன்றும் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. மேசையில் ஸ்கேல் இருந்தது. அவள் அதைத் தொடாமல் காகிதத்தைக் கிழித்து அவர் விரலில் வைத்தாள். தேர்வாளர், "என்னம்மா இது, பேப்பர் கிழிச்சு விளையாட இது என்ன குழந்தைங்க பள்ளிக்கூடமா?" என்றார். அவள் தலை நிமிராமல் மடித்துக்கொண்டே, "நான் சட்டை தைக்கிறவ சார். ஒருத்தர் அளவுல இன்னொருத்தருக்குத் தைச்சுக் குடுத்தா மறுநாள் கடை வாசல்ல நின்னு கத்துவாங்க. சட்டைக்கே ஆளை நிக்க வெச்சு அளவெடுக்கணும், ஊசிக்கு வேண்டாமா?" என்றாள். மற்ற எட்டுப் பேரும் சிரித்தார்கள், கட்டிலில் இருந்தவரும் சிரித்தார். அவள் ஊசியை நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னாள், கை காதுக்கு மேலே போனது, நான் என் கண்ணால் பார்த்தேன். தேர்வாளர் அதைப் பார்க்கவே இல்லை, அளவுமுறை தவறு என்று எழுதிக்கொண்டிருந்தார். அப்போது டெமோ என் பக்கம் திரும்பி, "சார், நீங்களே எடை அளவு ஆபீஸ்ல முப்பத்தோரு வருஷம் இருந்தவரு. நீங்க சொல்லுங்க, ஸ்கேல் தப்பா?" என்றார். "ஸ்கேலும் ஒரு வசதிதான்" என்றேன். அதைச் சொன்னது நான்தான், என் வாயால்தான் சொன்னேன். அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். மடித்த பட்டையைக் கிழித்துக் குப்பைக்கூடையில் போட்டாள், நான் சொல்லிக்கொடுத்தபடியே. பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போய்விட்டாள். ஒன்பது பேரில் அவள் ஒருத்திதான் தோல்வி. நான் சொல்லிக்கொடுத்ததை அப்படியே செய்ததற்காகத் தோல்வி! ஸ்கேலை வைத்துத் தனக்குக் கிடைத்தவர் காலில் ஒன்றரை விரல் தள்ளிக் குத்தியவன்கூடத் தேறிவிட்டான். அன்று மாலையே டெமோ ஒரு தாள் கொடுத்தார். இனிமேல் ஸ்கேலைத் தவிர வேறு அளவுமுறை கற்பிக்கமாட்டேன் என்று திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட வேண்டும், போடாவிட்டால் வகுப்பு வேறு ஆளுக்குப் போய்விடும்.

மூன்றாவது விஷயம், உன்னுடையது. ஸ்கேல் வரப்போகிறது என்று போன ஞாயிற்றுக்கிழமை நான் தயங்கித் தயங்கிச் சொன்னபோது நீ, "ஒரு ஸ்கேல்தானேப்பா, விட்டுக்கொடுத்துப் போங்களேன், இந்த வயசுல எதுக்கு டென்ஷன்" என்றாய். அந்த "தானே" என்னை வாரம் முழுவதும் குத்திக்கொண்டிருக்கிறது. ஏம்மா, நீ கண் பார்த்துக் கண்ணாடி எழுதிக் கொடுக்கிறவள். சின்னது, நடுத்தரம், பெரியது என்று மூன்று கண்ணாடி செய்து வைத்துவிட்டோம், வருகிறவர் மூக்கில் ஏதாவது ஒன்றை மாட்டி அனுப்பு என்று உன் முதலாளி சொன்னால், ஒரு கண்ணாடிதானே என்று மாட்டி அனுப்புவாயா? சின்ன எழுத்தைப் படிக்க முடியாமல் ஒருவர் திரும்பி வந்தால் உங்கள் கண்தான் சரியில்லை என்பாயா? நீ அப்படிச் செய்யமாட்டாய் என்று எனக்குத் தெரியும், எனவேதான் கோபம். அளவுத் துறையில் இருந்தவன் ஸ்கேலை எதிர்க்கலாமா என்று டெமோ கேட்டது எல்லோருக்கும் பெரிய சாமர்த்தியமாகப் பட்டது. அளவுத் துறையில் இருந்தவனுக்குத்தான் தெரியும், எந்தப் பொருளுக்கு எந்த அளவு என்பதே அந்த வேலையின் முதல் பாடம். துணிக்கடைக்காரர் மீட்டர் கோலைக் கொண்டு எண்ணெயை அளந்தால் நான் முத்திரை குத்தியிருப்பேனா? இதையெல்லாம் வியாழக்கிழமை அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இரண்டு நாள் கழித்து உனக்கு எழுதத்தான் வருகிறது.

நான்காவது விஷயம். நான் கையெழுத்துப் போடப்போவதில்லை. திங்கட்கிழமை காலை நிலையத்துக்குப் போய், அந்த அம்மா அளந்தது சரி, நான் சொன்னதுதான் தவறு என்று அவர்கள் எதிரிலேயே சொல்லி, மறுதேர்வு கேட்கப்போகிறேன். வகுப்பு போனாலும் போகட்டும். என் பயம் என்னவென்றால், டெமோ ஏதாவது கேட்டால் பதில் சொல்லத் தெரியாமல் நின்றுவிடுவேன். காகிதத்துக்கும் ஸ்கேலுக்கும் அப்படி என்ன பெரிய வித்தியாசம் வந்துவிடப்போகிறது, ஒரு நூல், இரண்டு நூல், அதற்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்பார். மூன்று தடவை பதில் எழுதிப் பார்த்தேன். மூன்றும் எனக்கே சுமாராக இருக்கின்றன, கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தபோது இரண்டாவது வரியே மறந்துவிட்டது.

குட்டிக்குப் பல் விழுந்ததா என்று எழுது. நீ வேலையில் எந்நேரமும் குனிந்தே இருக்காதே, கழுத்தை மணிக்கு ஒருமுறை நிமிர்த்து. அம்மாவுக்குத் தனியாக நான்கு வரி எழுத மறக்காதே, எல்லாக் கடிதமும் அப்பா பேருக்கே வருகிறது என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிறாள். மாப்பிள்ளையை மிகவும் விசாரித்ததாகச் சொல். மூவரும் குறைவில்லாமல், ஒருவருக்கொருவர் துணையாக நெடுநாள் வாழ வேண்டும் என்று வாழ்த்தும்,

உன் அப்பா

ஞாயிறு, மதியம்

மேலே கையெழுத்துப் போட்டு முடித்தபிறகு இதை எழுதுகிறேன். காலையில் கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். வந்து பார்த்தால் அம்மா மூக்குக்கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தாள். படித்து முடித்துவிட்டிருந்தாள். முதல் எண்ணைப் பற்றி அவள் சொன்னதை எழுதினால் தாள் போதாது. அதன் பிறகு கொஞ்சம் அமைதியாகி, "இந்த லாரிக்காரருக்குப் பேப்பர் கிழிச்சாங்க. வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் நீங்க பேப்பர் கிழிக்கறீங்க. எனக்கு எங்க பேப்பர்?" என்றாள். உனக்கு எதற்குக் காகிதம், நம் இரண்டு பேர் விரலும் ஒன்றுதானே என்றேன். "எப்போ பார்த்தது?" என்றாள். பதின்மூன்று வருஷத்துக்கு முன்பு என்றேன். அவள் இடது கையால் என் கட்டைவிரலைப் பிடித்து மேசைமேல் வைத்து, தன் கட்டைவிரலை அதன் பக்கத்தில் வைத்தாள். இந்தக் கடிதத்தின் தொடக்கத்திலேயே நானே எழுதியிருக்கிறேன், கணு வீங்கிக்கொண்டு வருகிறது என்று. எழுதிய கை அதுதான், அளக்கும் கையும் அதுதான். எனக்குத் தோன்றவே இல்லை. "எடைக்கல்லுக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மறுமுத்திரை போடணும்னு எத்தனை கடைக்காரங்களை விரட்டியிருப்பீங்க" என்றாள். நான் யாரையும் விரட்டியதில்லை என்றேன். "தெரியும், அவங்கதான் உங்களை விரட்டினாங்க" என்றாள்.

பிறகு முறைப்படி செய்தேன். இரண்டு பட்டை கிழித்தேன், ஒன்றில் என் விரலுக்கு எட்டு மடிப்பு, மற்றதில் அவள் விரலுக்கு எட்டு மடிப்பு. ஒரு விரலுக்கு ஒரு நூல்தான் வித்தியாசம், நம் தச்சர்கள் கணக்கில் அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. எட்டு விரலுக்கு எட்டு நூல், முழுசாக ஒரு அங்குலம்! நான்கு மாதமாக ஒரு அங்குலம் கீழே குத்திக்கொண்டு அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் பட்டையை வைத்து அளந்து ஊசியை நிறுத்திக் கையைத் தூக்கச் சொன்னேன். கை காது வரை வந்தது. தலைக்கு மேலே போகவில்லை, வகிடெடுக்க இன்னும் நான்தான் வேண்டும், இருப்பதைவிட அதிகமாகச் சொல்லி உன்னை ஏமாற்ற விரும்பவில்லை. ஆனால் நேற்றுவரை நெஞ்சுயரம், இன்று காது. இப்படிப்பட்டவன் நாளைக்கு அங்கே போய் எந்த முகத்தோடு பேசுவது, அந்தத் தாளில் கையெழுத்தைப் போட்டுவிட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் நினைத்தேன், வாய்விட்டும் சொல்லிவிட்டேன். அம்மா காலில் ஊசியோடு அப்படியே படுத்துக்கொண்டு, "ஒரு நூல்ல என்ன வந்துடும்னு அந்த ஆளு கேப்பாருன்னு நீங்கதானே எழுதியிருக்கீங்க? இந்த ரெண்டு பேப்பரையும் மேசைமேல வெச்சுச் செஞ்சு காட்டுங்க. அவருக்கு அதுதானே புரியும்" என்றாள்.

அதனால் இரண்டு பட்டையையும் சட்டைப்பையில் வைத்திருக்கிறேன், நாளைக்கு டெமோவுக்குக் காட்டியபிறகுதான் கிழிப்பேன். நீ பார்ப்பதற்காக இந்தத் தாளின் ஓரத்தில் இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நீளமானது என் எட்டு, குட்டையானது அம்மாவின் எட்டு. ஸ்கேலைப் பற்றி எழுதியதில் ஒரு எழுத்தைக்கூட மாற்றமாட்டேன். ஆனால் எல்லோருக்கும் ஒரே ஸ்கேலா என்று நான்கு பக்கம் கொதித்த நான், உன் அம்மாவுக்குப் பதின்மூன்று வருஷமாக ஒரு ஸ்கேலாகத்தான் இருந்திருக்கிறேன். கடிதத்தைத் திருத்தி எழுதுகிறேன் என்றேன், ஒரு எழுத்தையும் அடிக்கக் கூடாது, மகள் அப்படியே படிக்கட்டும் என்று சொல்லிவிட்டாள். ஆகவே முதல் எண் அங்கேயே இருக்கிறது. அது தவறு. அம்மாவின் பிடிவாதம் காரணமல்ல, நான் அளவு பார்க்கவில்லை.

அப்பா