ஐம்பத்தைந்து நிமிடப் பயணம்

மே 11, ஞாயிறு. கடலூர்

காலை எட்டுக்கே வெயில். மாடியில் வடாம், காவலுக்கு நான்.

அண்ணன் கல்யாணம் 29, சிதம்பரத்தில். முந்தின நாள் மாலை வரை எனக்கு அலுவலகத்தில் தணிக்கை. கோவையிலிருந்து வர அப்பா தாளில் பேருந்து நேரம் எழுதிக்கொண்டிருந்தார். சேலம், விருத்தாசலம், சிதம்பரம். போனில் தேடிக் காட்டினேன்: கோவை–புதுச்சேரி, விமான தூரம் முந்நூற்றுச் சொச்சம் கி.மீ., பயண நேரம் 55 நிமிடம்.

"இந்தக் காலத்துல யாருப்பா விருத்தாசலத்துல பஸ் மாறுறாங்க?"

அப்பா தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். முதுநகர் மாமா, அம்மாவின் தம்பி, சிரித்தார். "டீ ஆறுறதுக்குள்ள வந்துரும் புள்ள."

மறக்காமல்: ரவிக்கை. தாலியில் முதல் முடிச்சு அண்ணன், மற்ற இரண்டும் நாத்தனார் நான். இழுத்துப் போட வேண்டுமாம்.

மே 24, சனி. கோவை

டிக்கெட் போட உட்கார்ந்தேன். கோவை–புதுச்சேரி விமானமே இல்லை. எந்த நாளும். சென்னை சுற்றினாலும் முகூர்த்தத்துக்குச் சேராது. அந்தப் பக்கத்தை மறுபடி திறந்தால், அடியில் எறும்பு எழுத்தில்: நேர்கோட்டுக் கணக்கு, இவ்வழியில் விமானம் இல்லாமலும் இருக்கலாம். இத்தனை புத்தகம் படிக்கிறவள்.

அப்பா போன். டிக்கெட் போட்டாச்சா என்றார். போட்டாச்சு, காலை ஏழரைக்கு இறங்குவேன் என்றேன். பொய்யில் நேரம் வேறு.

இரவுப் பேருந்தில் வந்து நின்றுவிட்டால் யாருக்குத் தெரியும்.

மே 28, புதன்

ரவிக்கை கைப்பக்கம் இறுக்கம். மாமா காரோடு புதுச்சேரி விமான நிலையம் வருகிறாராம். வேண்டாம் என்றேன், இரண்டு முறை. "மாமா இருக்கையில டாக்சியா? ஒம்பதரைக்குள்ள மண்டபத்துல வுட்டுர்றேன்." உண்மையைச் சொல்ல நல்ல இடம். சொல்லவில்லை.

மே 29, வியாழன். சிதம்பரம்

சின்னசேலம் தாண்டி பஸ் பழுது. மாற்று வண்டிக்கு இரண்டரை மணி நேரம். ஆறரைக்குப் போனை அணைத்தேன். வானத்தில் இருப்பவளின் போன் அடிக்கக் கூடாதே. ஏழரைக்குப் பிறகும் போடத் தைரியமில்லை.

பதினொன்றே கால், மண்டபம். மூன்றாம் பந்தி. முடிச்சைச் சித்தப்பா மகள் போட்டிருந்தாள். நன்றாகவே.

அது போகட்டும். தாய்மாமன் கட்ட வேண்டிய நெற்றிப்பட்டத்தையும் வேறு யாரோ கட்டியிருந்தார்கள். மாமா ஒன்பது மணி வரை விமான நிலைய வாசலில் நின்றுவிட்டு, எனக்குச் சற்று முன்னால்தான் வந்து சேர்ந்தாராம். ஒரே அக்கா மகன் கல்யாணம்.

எல்லார் முன்னாலும் அப்பா கேட்டார், என்ன ஆச்சு என்று. நான் வாய் திறக்குமுன் மாமா:

"பிளைட் கேன்சல் மச்சான். புள்ள பஸ் புடிச்சு வந்துருக்கு. மொதல்ல சாப்புடட்டும்."

அப்பா விமானக்காரர்களைத் திட்டினார். நானும் தலையாட்டினேன். சாம்பாரில் உப்பு ஜாஸ்தி. இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

மே 30, வெள்ளி. கடலூர்

பெண் மாப்பிள்ளையைத் திருவந்திபுரம் கோயிலுக்கு அழைத்துப் போனோம். அவர்கள் உள்ளே. காரில் மாமாவும் நானும். ஏசி இல்லை, கண்ணாடி பாதி இறக்கம். மன்னிச்சுக்கோங்க மாமா என்றேன். எதுக்கு என்று கேட்கவில்லை.

"கோயம்புத்தூர் பிளைட்டுன்னு ஒண்ணு இங்க வர்றதே இல்லியாம். கேட்டுல நின்ன போலீஸ்காரர் சொன்னாரு."

"எப்ப சொன்னாரு?"

"ஏழரைக்கே."

"அப்பறம் ஏன் மாமா ஒம்பது வரைக்கும் நின்னீங்க?"

"நீ எறங்குறேன்னு சொன்னியே."