எந்தப் பக்கம் பாய்வாய்?

அன்பு மகளே,

ஞாயிற்றுக்கிழமை இங்கே நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டத்தில் நம் சென்னைப் பெண்கள் அணி ஜெயிக்குமா என்பதுதான் ஒரு வாரமாக மயிலாப்பூர் டீக்கடையில் பேச்சு.

"நம்ம பொண்ணுங்க செமயா ஆடிக்கினு கீறாங்க சார். ஆனா அந்த கோவா கோல்கீப்பரைத் தாண்டி பந்து போவணுமே!" என்றார் கடைக்காரர் ஷஃபியுல்லா.

ஃபுட்பால் வேண்டாம் என்று நான் போட்ட சண்டைக்குப் பிறகு நீ கோவா போய் மூன்று வருடமாகிறது. உன் ஆட்டம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை. நேற்றுதான் செல்போனில் தேடிப் பார்த்தேன். பெனால்டி அடிப்பதற்கு முன்பே எந்தப் பக்கம் பாய வேண்டும் என்று உனக்கு எப்படித் தெரிகிறது? அடிப்பவளின் காலைப் பார்ப்பாயா, கண்ணைப் பார்ப்பாயா? அப்படி விழுகிறாயே, தோள் வலிக்காதா?

இன்று காலை ஷஃபியுல்லா என்னைக் கேட்டார். "இன்னா சார், யாரு ஜெயிப்பாங்க?"

"கோவா" என்றேன்.

கடையே என்னை முறைத்தது. "நீங்க சென்னைக்காரர்தானா?" என்று ஒருவர் சண்டைக்கே வந்துவிட்டார்.

"கோல்கீப்பர் என் பொண்ணுப்பா" என்றேன். வெளியில் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு அவர்கள் உன்னைப் பற்றிக் கேட்ட ஒரு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஆட்டம் முடிந்ததும் வீட்டுக்கு வருவாயா? ஜெயித்தாலும், தோற்றாலும்.

உன் அப்பா