தையலுக்குள் போன பெயர்கள்

லின், மாசசூசெட்ஸ்
1838, மார்ச் கடைசி வாரம்

மகன் ஈனக்குக்கு, அம்மா கெசியா எழுதுவது. கர்த்தருடைய கிருபை உன்மேல் இருக்கட்டும்.

நீ ஒரு மனுஷியை விலைக்கு வாங்கியிருக்கிறாய். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல எனக்குத் தெரியாது. சவன்னாவில் புது வீட்டுக்கு என்னென்ன வாங்கினாய் என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். சாப்பாட்டு மேசை, அலமாரி, சுவர்க்கடிகாரம் என்று போய், அதே வரியில் 'சமையலுக்கு ஃபீபி' என்று முடித்திருந்தாய். நான் வாசித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நின்றுவிட்டேன். கடிகாரத்துக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு காற்புள்ளிதான் இருந்தது.

நீ அனுப்பிய சர்க்கரை மூட்டையைப் பிரிக்கவில்லை. இந்தக் கடிதம் கொண்டுவரும் கப்பல் கேப்டனிடமே அதைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். கடிதத்தையும் தபாலில் போடவில்லை. உங்கள் ஊர்த் தபால் நிலையத்தில் எங்கள் ஊர்க் கடிதங்களைப் பிரித்துப் படித்து எரிக்கிறார்கள் என்று கேள்வி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இடது முழங்கால் மட்டும் மழைக்கு முன்னால் சொல்லிவிடுகிறது. கூரையைச் சரிசெய்துவிட்டேன். உன் அப்பாவின் கல்லறைக் கல் பனியில் சாய்ந்திருக்கிறது. தரை இளகியதும் நிமிர்த்தச் சொல்ல வேண்டும்.

இனி மனு விஷயம். தலைநகரிலாவது அடிமைத்தனத்தை ஒழியுங்கள் என்று போன வருடம் நாங்கள் பெண்கள் அனுப்பிய மனுவை வாஷிங்டனில் படிக்கவே இல்லை. அப்படிப்பட்ட மனுக்களைப் பிரிக்காமலே மேசைமேல் போட்டுவிட வேண்டும் என்று பிரதிநிதிகள் சபை தீர்மானம் வைத்திருக்கிறது. அந்தச் சபையில் ஒருவர் எழுந்து, இந்தப் பெண்களுக்கெல்லாம் புருஷன் கிடைத்துவிட்டால் மனு எழுத நேரம் இருக்காது என்று சொன்னாராம். பத்திரிகையில் வந்தது. அதைக் கேட்டு லோவினா பிரிக்கெட், "எனக்குத்தான் ஏற்கெனவே ஒண்ணு இருக்கே. அவருக்கு வேணும்னா மூட்டை கட்டி அனுப்பிவைக்கிறேன், அவரே வச்சுக்கட்டும்" என்றாள். லோவினாவை உனக்கு நினைவிருக்கும். தெருக்கோடி வீடு, நான்கு பிள்ளைகள். அவளும் என்னைப்போல வீட்டிலிருந்தே காலணிக்கு மேல்தோல் தைப்பவள்.

படிக்கவில்லை என்றால் படிக்கும்வரை எழுதுவது என்று முடிவு செய்தோம். குளிர்காலம் முழுக்க வீடு வீடாகப் போனோம். ஒரு வீட்டில் ஆண்பிள்ளை வாசலை மறித்துக்கொண்டு, "ஓட்டே இல்லாத பொம்பளைங்களுக்கு வாஷிங்டன்ல என்ன வேலை? போய் அடுப்புல சட்டியைப் பாருங்க" என்றான். "சட்டி வெந்துக்கிட்டுதான் இருக்கு தம்பி. அது இறங்குறதுக்குள்ள உன் வீட்டம்மா கையெழுத்துப் போட்டுடுவாங்க, கொஞ்சம் ஒதுங்கு" என்றேன். அவள் உள்ளேயிருந்து, "ஒதுங்குங்களேன், குளிர் உள்ள வருது" என்றாள். கையெழுத்துப் போட்டாள். எழுதத் தெரியாதவர்கள் சிலுவைக் குறி போட்டார்கள். பக்கத்தில் நான் பெயர் எழுதினேன். யாரும் சொல்லிக்கொடுக்காமல் வேதாகமத்தைப் பார்த்துப் பார்த்து நான் பழகிய எழுத்து இதற்காவது ஆயிற்று.

உன் முதலாளி ஃபார்னமுக்கு இது பிடிக்கவில்லை. அவருடைய முரட்டுக் காலணிகளை வாங்குவது உங்கள் பக்கத்துத் தோட்ட முதலாளிகள்தான். அவை யாருடைய கால்களுக்கு என்று, விற்கிற உனக்கே தெரியும். மனுவில் பெயர் இருக்கும் பெண்ணுக்கு என் கடையிலிருந்து தைக்கத் தோல் கிடையாது என்று அவர் சொல்லியனுப்பினார்.

தாள்கள் எல்லாம் வந்து சேர்ந்ததும் ஒரே சுருளாக இணைக்க வேண்டியிருந்தது. மற்ற ஊர்களில் மாவுப் பசை போட்டு ஒட்டுகிறார்கள். பசையை எலி தின்னும். நாங்கள் தையல்காரிகள், மெழுகு நூலில் தைத்தோம். பெரும்பாலும் நான்தான் தைத்தேன். அனுப்புவதற்கு முன் ஊரார் பார்க்கட்டும் என்று குவேக்கர் கிறிஸ்தவர்களின் கூட்ட அறையில் சுருளை விரித்தோம். தரையில் வாசலில் தொடங்கி எதிர்ச்சுவர் வரை போய், வாசலுக்குத் திரும்பி, மறுபடியும் அந்தச் சுவரைத் தொட்டது. ஈனக், நான் கடலைப் பார்த்து வளர்ந்தவள். ஆனாலும் அன்றைக்கு அந்தத் தரை அதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இந்த ஊரில் இத்தனை பெண்கள் இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. இவர்கள் பெயரெல்லாம் எங்கே எழுதப்பட்டிருந்தது இதுவரை? பிறந்தபோது வேதாகமத்தின் முதல் பக்கத்தில் ஒருமுறை. செத்தபின் கல்லில் ஒருமுறை.

லோவினா மண்டியிட்டுத் தன் பெயரைத் தேடினாள். அவள் தெருவின் தாளில் அவள்தான் கடைசி ஆள். விரலை வைத்துக்கொண்டே கீழே வந்தாள். தையல் வந்தது, பெயர் இல்லை. அப்போதுதான் எனக்கு உறைத்தது. மேல்தோல் தைக்கும்போது விளிம்பை ஒரு விரல் அகலம் உள்ளே மடித்துத்தான் தைப்போம். என் கை அதே பழக்கத்தில் தாளையும் மடித்திருக்கிறது. ஒவ்வொரு தாளிலும் அடிவரியில் இருந்தவர்கள் தையலுக்குள் போய்விட்டார்கள். நாற்பது வருடம் ஒரே வேலை செய்த கை அது. குற்றம் சொல்பவர்கள் சொல்லட்டும்.

நான் லோவினாவை ஓரமாக அழைத்துப்போய்ச் சொன்னேன்: "அப்படியே இருக்கட்டும் பெண்ணே. உன் பேரு உள்ளே பத்திரமா இருக்கு. கர்த்தர் படிப்பாரு, ஃபார்னம் படிக்க மாட்டாரு. நாலு பிள்ளை வச்சிருக்கே."

அவள் என்னைப் பார்த்தாள். "பெரியம்மா, நாம கர்த்தருக்கா மனு எழுதினோம்? அவருக்குத்தான் ஏற்கெனவே தெரியுமே. சபைக்குத்தானே எழுதினோம்? அவங்க கண்ணுல படணும். பிரிங்க."

நான் அசையவில்லை. "நீங்க பிரிக்கிறீங்களா, நான் பிரிக்கட்டுமா?" என்று கத்தியை எடுத்துவிட்டாள்.

அவள் முதல் தையலை அறுத்ததும் மடிப்பு விரிந்தது. லோவினா பிரிக்கெட். சாய்ந்த எழுத்து, மை கொஞ்சம் பரவியிருந்தது. பிறகு நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. யாரும் யாரையும் கூப்பிடவில்லை. தங்கள் பெயர் ஏற்கெனவே மேலே வெளியே தெரிந்தவர்களும், உள்ளே மறைந்திருந்தவர்களும், ஒவ்வொருத்தியாக வந்து தரையில் உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். நூல் அறுபடும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. ஒவ்வொரு மடிப்புக்குள்ளிருந்தும் ஒரு பெயர் வெளியே வந்தது. செங்கடல் பிளந்ததைச் சின்ன வயதிலிருந்து வாசித்திருக்கிறேன். அங்கே நின்றவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று அன்றைக்குத்தான் புரிந்தது. மனுவை மறுபடியும் படிக்காமல் போடுவார்கள் என்பது அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும் மகனே. தெரிந்தும் பிரித்தார்கள்.

மறுநாளே லோவினாவுக்குத் தோல் நின்றுவிட்டது. ஃபார்னம் என்னிடம் நேரில் வந்தார். "கெசியாம்மா, உங்க மகன் என் ஆளு. உங்க பேரை மட்டும் ஒரு கோடு போட்டு அடிச்சுடுங்க, அவனுக்காக" என்றார். மடியில் இருந்த வேலையை அப்படியே அவர் கையில் கொடுத்து அனுப்பிவிட்டேன். உனக்கும் அவர் எழுதுவார். உன் வேலை போகலாம். எனக்கு அதில் வருத்தம் உண்டு, வெட்கம் இல்லை.

இரண்டாம் முறை மடிக்காமல் தைத்தோம். சுருள் போன செவ்வாய்க்கிழமை வண்டியேறியது.

ஃபீபி நல்ல மாதிரி, அவளுக்கு ஒரு குறையும் வைக்கவில்லை என்று எழுதியிருந்தாய். இருக்கலாம். அவளைக் கேட்டாயா? உங்கள் மாநிலச் சட்டத்தில் உரிமையாளரே நினைத்தாலும் சுலபமாக விடுவிக்க முடியாது என்று நீ பதில் எழுதுவாய், தெரியும். ஆனால் எஜமான் தானாக இங்கே அழைத்துவரும் ஆளை அடிமையாக வைத்திருக்க முடியாது என்று நம் நீதிமன்றம் இரண்டு வருடம் முன்பே சொல்லிவிட்டது. ஆகவே ஆக வேண்டியதைச் சொல்கிறேன்.

சபை மனுவைப் பிரித்து, உரக்கப் படிக்க வேண்டும்.

நம் பகுதி உறுப்பினர், உட்காரச் சொன்னாலும் உட்காராமல் நிற்க வேண்டும்.

லோவினாவுக்கு வேறு கடையில் தோல் வாங்கித் தருவது என் பொறுப்பு. அதுவரை அவள் பிள்ளைகள் சாப்பிடுவது என் வீட்டில்.

அடுத்த மனுவுக்குத் தாள் வாங்குவது, கடற்கரைத் தெரு வீடுகளுக்குப் போவது, இரண்டும் லோவினா செய்வாள். அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள்.

இந்தக் கேப்டன் மே மாதம் மறுபடியும் பாஸ்டனுக்குப் புறப்படுவார். நீ ஃபீபியிடம் இந்தக் கடிதத்தை முழுக்க வாசித்துக் காட்ட வேண்டும். அவளுக்கு அங்கே யார் யார் இருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பிள்ளை இருந்தால் பிள்ளையையும் சேர்த்து அழைத்துவர வேண்டும். அவள் வர விரும்பினால் உன்னையும் சேர்த்து எல்லோருக்கும் கப்பலில் இடம் பிடிக்க வேண்டியது நீ.

துறைமுகத்துக்கு நான் வருவேன். முழங்கால் என்ன சொன்னாலும் வருவேன். முதலில் அவள் இறங்கட்டும். அவள் கால் இந்த மண்ணில் பட்ட பிறகு நீ இறங்கு மகனே. உன்னைக் கட்டிக்கொள்ள அம்மா அங்கேயே நின்றுகொண்டிருப்பேன்.

கர்த்தர் உன் நெஞ்சை இளக்கட்டும்.

உன் அம்மா,
கெசியா பிரீட்