இரண்டு நானூற்று ஏழு

மார்ச் 3, செவ்வாய்

ப்ரொஃபசர் ஓய்வு பெறுகிறார். மாதக் கடைசிக்குள் லேபைக் காலி செய்து கொடுக்க வேண்டும். பெரிய ஃப்ரீசர் என் பொறுப்பு. இருபத்தாறு வருஷமாக அதன் சாவி என்னிடம்தான், வேறு யார் தலையில் கட்டுவார்கள்? மொத்தம் அறுபத்து மூன்று பெட்டிகள். பழைய மாணவர்கள் எல்லோருக்கும் எழுதினேன்: உன் பெட்டியை அனுப்பவா, வீசவா, பத்து நாளில் சொல்.

முதலில் ‘மைக்’ கூப்பிட்டான். அவன் முணுமுணுத்தாலே மாடிக்குக் கேட்கும், அதனால் வந்த பெயர். இப்போது லேப்களுக்கு மெஷின் விற்கிறான். “அக்கா, கண்ண மூடிட்டு தூக்கிப் போடுங்க. அஞ்சு வருஷம் அதோட மாரடிச்சது போதும்” என்றான். பிறகு அரை மணி நேரம் அந்த அஞ்சு வருஷத்தைப் பற்றியே பேசினான். வைக்கச் சொல்கிறவர்கள் ஒரு வரி எழுதுகிறார்கள். வீசச் சொல்கிறவர்களுக்குத்தான் பேச்சு முடிய மாட்டேன் என்கிறது.

மார்ச் 5, வியாழன்

பதினோரு பதில் வந்துவிட்டது. ஒருத்தி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்துகிறாள். ஒருவன் காப்புரிமை அலுவலகத்தில் குப்பை கொட்டுகிறானாம், அவன் வார்த்தைதான். எதையும் வேகமாக முடிப்பதால் ‘ஸ்டாப்வாட்ச்’ என்று பெயர் வாங்கியவன் கடல் கடந்து போய்ச் சொந்தமாக லேப் வைத்திருக்கிறான்.

ஆமையிடமிருந்து மட்டும் பதில் இல்லை.

அப்போது எங்களுக்கு எட்டு பேருக்கு மூன்று ஸ்டூல். எழுந்தால் இடம் போச்சு. அவளுக்காக ஒன்றில் என் பையை வைத்துப் பிடித்து வைப்பேன். மற்றவர்கள் இரண்டு மணி நேரத்தில் முடிப்பதை அவள் நான்கு மணி நேரம் செய்வாள். ஒவ்வொரு சொட்டுக்கும் உதடு அசையும், எண்ணுவாள். பையன்கள் ஆமை என்றார்கள். அவளும் சிரித்துக்கொண்டே கழுத்தைச் சட்டைக்குள் இழுத்துக் காட்டுவாள். அந்தச் சிரிப்பை இன்று ஃப்ரீசர் முன்னால் நின்றபடி நினைத்தேன், விரல் விறைத்ததுதான் மிச்சம்.

ஈஸ்டில் ஒரு ஜீனை எடுத்துவிட்டால் அது கடும் சூட்டிலும் பிழைக்கிறது. அதுதான் அவள் கண்டுபிடித்தது. கட்டுரை எழுதியாகிவிட்டது. அனுப்பும் முன் வேறு ஒருவர் செய்து பார்க்கட்டும் என்றார் ப்ரொஃபசர். ஸ்டாப்வாட்ச் செய்தான். எல்லாம் செத்தது. பிறகு அவளே மூன்று தடவை செய்தாள். செத்தது. ஒருவரும் திட்டவில்லை. “முதல்ல எங்கயோ கை தவறியிருக்கும்மா” என்றார் ப்ரொஃபசர், அவ்வளவுதான். நான்காம் வருஷம் டாக்டர் பட்டம் வேண்டாம் என்று கிளம்பிவிட்டாள். இப்போது ரொட்டித் தொழிற்சாலையில் மாவையும் ஈஸ்டையும் சோதிக்கும் வேலை.

மார்ச் 6, வெள்ளி

இதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். இருந்தாலும் எழுதிவிடுகிறேன்.

ஈஸ்டை உறைய வைக்கும் எங்கள் ட்யூப் மூடியில் எண் மட்டும்தான் இருக்கும். அது என்ன என்பதை ரெஜிஸ்டரில் பார்க்க வேண்டும். இன்று இரண்டு ரெஜிஸ்டரையும் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்தேன். முதலாவது 418-இல் முடிகிறது. இரண்டாவது 401-இல் தொடங்குகிறது. என் கையெழுத்தில்.

மகளுக்குக் காய்ச்சல் என்று ஒரு வாரம் லீவில் போனேன். போகும்போது 400. பழையதில் இடம் தீரப்போகிறதே என்று திரும்பும்போது புது ரெஜிஸ்டரும், பொது ட்யூப்களுக்குப் புதுப் பெட்டியும் வாங்கி வந்தேன். விட்ட இடத்திலிருந்து தொடங்கினேன். நான் இல்லாத வாரத்தில் பிள்ளைகள் பதினெட்டு எழுதியிருக்கிறார்கள். கடைசிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேனா? இல்லை. நான் இல்லாமல் இங்கே ஒன்றும் நடக்காது என்று அவ்வளவு நினைப்பு!

ஆக, இரண்டு 407. பழைய பெட்டியில் இருப்பது ஆமையுடையது. புதுப் பெட்டியில் இருப்பது வேறு யாருடையதோ. ஜீன் எடுத்த ஈஸ்ட்தானா என்று பார்க்க மருந்து கலந்த தட்டில் வளர்ப்போம்; அதில் இரண்டும் வளரும், அதனால் அப்போது யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

ஸ்டாப்வாட்சுக்கு ட்யூபை எடுத்துக் கொடுத்தது யார்? நான். அவளுக்கு? நான்தான். புதுப் பெட்டியிலிருந்து.

அடிப்பாவி. நீதானா.

மார்ச் 7, சனி

எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

வீட்டுக்காரரிடம் சொன்னேன். செய்தித்தாளை மடித்து வைத்தார். “பதினாலு வருஷம் ஆச்சு. அவளும் ஒரு வேலையில செட்டில் ஆயிட்டா. ஏன் கிளறுற?” என்றார். எனக்காகத்தான் சொல்கிறார், தெரிகிறது. ஃப்ரீசரை அணைத்தால் ட்யூபும் போகும், விஷயமும் போகும். ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

ஆனால் முதலில் எனக்குத் தெரிய வேண்டும். வெள்ளியன்றே இரண்டிலிருந்தும் எடுத்துத் தட்டில் கீறி வைத்துவிட்டேன். கேட்டால் கை தானாகச் செய்தது என்பேன்.

மார்ச் 10, செவ்வாய்

இரண்டையும் ஐம்பது டிகிரி வெந்நீரில் பத்து நிமிஷம் வைத்து எடுத்துத் தட்டுகளில் பரப்பினேன். எத்தனை வருஷமாயிற்று நானே ஒரு சோதனை செய்து! அவளைப் போல எண்ணிக்கொண்டே செய்தேன்.

மார்ச் 12, வியாழன்

புதுப் பெட்டி 407: ஒன்றுகூட இல்லை.
பழைய பெட்டி 407: நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள், வெள்ளை வெளேரென்று.

அவள் சொன்னது அத்தனையும் சரி.

மார்ச் 13, வெள்ளி

காலையில் ப்ரொஃபசர் அறைக்குப் போனேன். வழியனுப்பு விழாப் பேச்சை எழுதிக்கொண்டிருந்தார். “வாம்மா, உன்னப் பத்திதான் எழுதறேன். இருபத்தாறு வருஷத்துல ஒரு ட்யூப் மாறினதில்ல, சரியா?” என்றார். என்ன நேரம் பாருங்கள்.

தட்டுகளை மேஜைமேல் வைத்தேன். ரெஜிஸ்டரைத் திறந்து காட்டினேன். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார், போட்டார், மறுபடி கழற்றினார். திட்டுவார் என்று நின்றேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“ட்யூப் கொடுத்தது நீ. நம்பாதது நான்” என்றார். “முதல் தடவ வளந்தப்பவே, என் தட்டுல வளருது சார், நீங்க வந்து பாருங்கன்னு அவ ரெண்டு தடவ கூப்பிட்டா. நான் போகவே இல்ல.”

பேச்சிலிருந்து அந்த வரியை அவரே அடித்தார். அவளிடம் யார் சொல்வது என்றார். நான்தான் என்றேன்.

மார்ச் 16, திங்கள்

சொல்லிவிட்டேன். ஃபோனில் பின்னால் மெஷின் சத்தம். கொஞ்சம் இருங்கள் என்று வெளியே வந்தாள். முழுவதும் கேட்டாள். நான் அழுதேன், அவள் அழவில்லை.

“இங்க நான் எதையும் தனியா எண்ண மாட்டேன்க்கா. ரெண்டாவதா ஒருத்தர் எண்ணி கையெழுத்து போட்டாதான் நான் போடுவேன். எவ்ளோ பொறுப்பான பொண்ணுன்னு மேனேஜர் எல்லார்கிட்டயும் சொல்றாரு. பொறுப்பில்லக்கா. பயம். என் கண்ணு மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல.”

என்னை மன்னித்துவிடு என்றேன்.

“இப்ப முடியாதுக்கா” என்று வைத்துவிட்டாள்.

நியாயம். அவள் இடத்தில் நான் இருந்தால் கிழித்துத் தொங்கவிட்டிருப்பேன்.

மார்ச் 20, வெள்ளி

விழா. மைக் வந்தான், மைக் இல்லாமலே பேசினான். ப்ரொஃபசர் எழுதி வைத்ததை மடித்துப் பையில் போட்டுவிட்டு, இரண்டு 407 கதையை எல்லோர் முன்னாலும் சொன்னார், தன் பங்கையும் சேர்த்து. நான் தலை நிமிரவில்லை. கட்டுரையை அவள் பெயரில் அனுப்ப வேண்டும் என்று ஸ்டாப்வாட்ச் பெரிய கடிதம் எழுதியிருக்கிறான். அவள் வரவில்லை. வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். பெட்டிகளில் பாதி போய்விட்டது.

மார்ச் 24, செவ்வாய்

அவளிடமிருந்து இரண்டு வரி: “யாரும் எதுவும் அனுப்ப வேண்டாம். நாளைக்கு லீவு போட்டிருக்கேன். நானே செஞ்சு பாக்கணும்.”

தட்டு ஊற்ற ஓடினேன். ஈஸ்டை ஊட்டச்சாற்றில் வளர விட்டேன்.

மார்ச் 25, புதன்

வந்தாள். நரை எட்டிப் பார்க்கிறது. முகம் கொடுத்துப் பேசவில்லை. பழைய பெட்டியைத் தானே திறந்து எண்ணைப் பார்த்தாள், ரெஜிஸ்டரில் தன் கையெழுத்தைப் பார்த்தாள். பிறகுதான் கோட்டைப் போட்டாள். மெஷின் எல்லாம் போய், காலி மேஜையில் வெந்நீர்த் தொட்டி ஒன்றுதான் மிச்சம். நாலு மணி நேரம் ஆயிற்று. நான் வாயே திறக்கவில்லை. எனக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று அவளுக்குத் தெரியும்.

மார்ச் 27, வெள்ளி

வேலை முடிந்து நேராக வந்தாள். தட்டை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கி, பின்பக்கம் பேனாவால் ஒவ்வொரு புள்ளியாகக் குத்தி எண்ணினாள். உதடு அசைந்தது. முடித்ததும், வழக்கம்தானே என்று, இரண்டாவது எண்ணிக்கைக்கு நான் கையை நீட்டினேன்.

“வேணாம்க்கா. எண்ணிட்டேன்.”

நூற்றுப் பதினெட்டு என்று நோட்டில் எழுதினாள். தேதி போட்டாள். கீழே கையெழுத்துப் போட்டாள், அவளுடையது மட்டும்.